குறிப்பின் தலையில் ஒரு தேதி போடுங்கள்

கீபோர்டுக்கு ஃபர்ம்வேர் எழுதி, அதைக் கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் குறிப்பும் எழுதும் தம்பிகளே, தங்கைகளே, திருத்தணியிலிருந்து எழுதுகிறேன்.

உங்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். காலையும் மாலையும் வகுப்பு. இடைப்பட்ட பகலில் பத்திரம், மனு, ஒப்பந்தம் என்று எது வந்தாலும் அடித்துத் தருவேன். நிரல் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதிய குறிப்பை வரி விடாமல் படித்து, அதில் சொன்ன இடத்தில் விரலை வைத்துப் பார்த்தவன். படித்தவர்கள் வாய் திறக்காவிட்டால் எழுதியவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் தமிழ் லோயரும் ஹையரும் முடித்த பெண் ஒருவர், பத்திர எழுத்தர் ஒருவரிடம் பல வருடமாகத் தட்டச்சு வேலை செய்கிறார். நாள் முழுக்க அடித்து அடித்து இரண்டு மணிக்கட்டிலும் வலி. கையை உள்பக்கமாக மடக்கி வைப்பதால்தான் இது என்று மருத்துவர் சொன்னார். அவருடைய தம்பி பொறியியல் படிக்கிறவன். அக்காவுக்காக உதிரிபாகங்களை வரவழைத்து, இரவெல்லாம் சால்டர் வைத்து, நாற்பத்திரண்டு விசை உள்ள இரண்டு பாதிக் கீபோர்டு ஒன்றைச் செய்தான். ஒரு பாதி இடக்கைக்கு, ஒரு பாதி வலக்கைக்கு. தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம், மணிக்கட்டு மடங்காது. அதில் தமிழ்99 விசையமைப்பில் அடிப்பதற்கென்று தமிழிலேயே ஒருவர் எழுதிய குறிப்பும் அவனுக்குக் கிடைத்தது. கீபோர்டு தயாராகும்வரை சும்மா இருப்பானேன் என்று அந்தக் குறிப்பிலிருந்த விசைப்படத்தை அச்செடுத்து மேசையில் ஒட்டி, அந்தப் பெண் இரண்டு வாரம் அதன்மேலேயே விரல் பழகினார். பயிலகத்தில் நான் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

பிறகு தொடங்கியது சோதனை. குறிப்பில் சொன்னபடி க்யூ.எம்.கே. என்ற கட்டற்ற கீபோர்டு ஃபர்ம்வேரைத் தொகுக்கப் போனால், கீபோர்டைப் புது நிரல் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகும் 'ரீசெட்' என்ற சொல்லே தனக்குத் தெரியாது என்று அது நின்றுவிட்டது. அந்தப் பெயர் 2022-இல் 'க்யூகே_பூட்' என்று மாறிவிட்டது. சிலகாலம் பழைய பெயரையும் ஏற்றுக்கொண்டார்கள், பிறகு அதுவும் போயிற்று. இதைக் கண்டுபிடிக்கவே அவனுக்கு ஓர் இரவு ஆனது. முதல்முறை பலகையிலுள்ள இரண்டு முனைகளைக் கம்பியால் தொட்டு எப்படியோ ஏற்றிவிட்டான். அடுத்தமுறைக்குக் குறிப்பு என்ன சொல்கிறது? ஸ்பேஸ் விசையையும் பி விசையையும் அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகு என்கிறது. செருகினான், ஒன்றும் நடக்கவில்லை. அந்த முழு 'பூட்மேஜிக்' வசதி 2021-இலேயே நீக்கப்பட்டது. இப்போது இருப்பது அதன் சுருக்கமான வடிவம், வழக்கமாக மேல் இடது மூலை விசை ஒன்றை அழுத்திச் செருகினால் போதும். இதைச் சொல்ல அந்தக் குறிப்பில் ஒரு வரி இல்லை.

இவை இரண்டையும்கூட நான் மன்னித்துவிடுவேன். மூன்றாவதுதான் என்னை எழுத வைத்தது.

மேசையில் ஒட்டிய படத்தில் 'ண'வுக்கு வலப்பக்கம் 'ச' இருந்தது. தமிழ்99 தெரிந்தவர்களுக்கு அது நியாயமான இடம்தான். கீபோர்டு உயிர் பெற்றதும் அந்தப் பெண் உட்கார்ந்து அடித்தார். 'ச' வரவேண்டிய இடத்தில் விரல் பட்டதும், முன்பு அடித்த எழுத்து அழிந்தது. மறுபடி அடித்தார், இன்னோர் எழுத்து அழிந்தது. அக்காளும் தம்பியும் என்ன நினைத்தார்கள் தெரியுமா? குறிப்பு தவறு என்று ஒரு நொடிகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. சால்டர் சரியில்லை என்று நினைத்து அந்த விசையைக் கழற்றி மறுபடி பற்றவைத்தான். அப்படியும் அழிந்ததால், தனக்குத்தான் பழக்கம் வரவில்லை என்று அந்தப் பெண் என்னிடம் வந்து கண்கலங்கினார். நான்கு நாள் கழித்துக் குறிப்போடு வந்த விசை அமைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது. குறிப்பு எழுதியவர் ஒரு கட்டத்தில் தன் வசதிக்காக அந்த இடத்தில் பேக்ஸ்பேஸை வைத்துவிட்டு, 'ச'வை, வேறொரு விசையை அழுத்திக்கொண்டால் மட்டும் வரும் இன்னோர் அடுக்குக்குத் தள்ளியிருக்கிறார். கோப்பை மாற்றியவர் படத்தை மாற்றவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். தட்டச்சு சொல்லிக்கொடுப்பவனாக நான் சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை. ஒரு செய்தியைத் தவறாகப் படித்தால் திருத்திப் படித்துக்கொள்ளலாம். விரல் தவறாகப் பழகினால் அதைப் பிடுங்குவது, புதிதாகப் பழகுவதைப்போல் இரண்டு மடங்கு பாடு. பழைய தட்டச்சுப்பொறியில் இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்று உட்காரும். வலக்கையில் த, ம, ட. வருடக்கணக்கில் அதில் பழகி, தமிழ்99-க்கு மாறிய மாணவர்களை எனக்குத் தெரியும். மூளை மாறிவிடும், ஆனால் அவசரமாக ஒரு மனு அடிக்கும்போது விரல் பழைய வீட்டுக்கே ஓடும். அப்படிப்பட்ட விரலுக்கு நீங்கள் தவறான படத்தைக் கொடுத்தால், அந்தத் தவறு காகிதத்தோடு நிற்காது. உடம்பில் ஏறி உட்கார்ந்துவிடும். வலி குறைய வேண்டும் என்று வந்தவருக்கு இரண்டு வாரத்து உழைப்பும் வீணாகி, வலியும் கூடுவது என்ன நியாயம்?

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். என் பயிலகத்துத் தட்டச்சுப்பொறிகளில் ஒவ்வொரு விசையின் முகப்பிலும் எழுத்து பொறித்திருக்கும். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழுக்கு விசையமைப்பு வகுத்த காலத்திலிருந்து அப்படித்தான். எந்த எழுத்து எங்கே என்று சொல்ல வேறு குறிப்பே தேவையில்லை, இரும்பே சொல்லிவிடும். நீங்கள் செய்யும் கீபோர்டுகளில் பெரும்பாலும் விசை முகப்பு வெறுமையாக இருக்கிறது, இல்லாவிட்டால் ஆங்கில எழுத்து இருக்கிறது. ஒரு வரி மாற்றினால் எந்த விசையும் எந்த எழுத்தாகவும் ஆகிவிடும். அதுதான் உங்கள் கீபோர்டின் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் வந்த பிறகு விசை முகப்பின் வேலையை யார் செய்வது? நீங்கள் எழுதும் குறிப்புதான் செய்ய வேண்டும்.

"இலவசமாகத்தானே தருகிறோம், கிடைத்த நேரத்தில்தானே எழுதுகிறோம்" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எ-கலப்பை என்ற இலவசத் தமிழ் உள்ளீட்டு மென்பொருள் வந்த காலத்திலிருந்து தமிழ் தட்டச்சில் நான் தின்ற சோற்றில் பாதி, உங்களைப் போன்றவர்கள் காசு வாங்காமல் செய்த வேலையால் வந்தது. அந்த நன்றியை மறக்கவில்லை. உங்களிடம் நான் கேட்பது கூடுதல் வேலை இல்லை. நல்லது செய்ய உட்கார்ந்து எழுதிய அதே குறிப்பு, கேடு செய்யாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். குறிப்பே இல்லாவிட்டால் அந்தத் தம்பி முதல்நாளே கோப்பைத் திறந்து படித்திருப்பான். பழைய குறிப்பு ஒன்று இருந்ததால்தான் அதை நம்பி நான்கு நாள் அலைந்தான். குறிப்பு இல்லாத இடத்தில் எச்சரிக்கையாவது இருக்கும், தவறான குறிப்பு அதையும் பறித்துவிடுகிறது.

"தவறைப் பார்த்தால் நீங்களே திருத்தலாமே, அதற்குத்தானே திறந்துவைத்திருக்கிறோம்" என்றும் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் திருத்த வேண்டுமானால் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி தெரிய வேண்டும், கிளை பிரிக்கத் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் காரணம் எழுதத் தெரிய வேண்டும். இவையெல்லாம் தெரிந்தவருக்கு உங்கள் தமிழ்க் குறிப்பே தேவைப்படாது. அவர் க்யூ.எம்.கே.யின் மாற்றப் பட்டியலை நேராகப் படித்துவிடுவார். தமிழ்க் குறிப்பைத் தேடி வருகிறவர்கள், அதைவிட்டால் வேறு வழி இல்லாதவர்கள். ஆங்கிலக் குறிப்பில் ஒரு பிழை இருந்தால் அடுத்த கதவைத் தட்டலாம். நம் ஆட்களுக்கு ஒரே கதவுதான்.

மூலத் திட்டத்தில் இருப்பவர்கள் இதில் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். க்யூ.எம்.கே.யில் குறிப்புகள் தனியே எங்கோ கிடக்கவில்லை. நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், தனிக் கோப்புறையில் இருக்கின்றன. நிரலில் ஒரு மாற்றத்தை அனுப்புகிறவரிடம், இந்த மாற்றத்தால் குறிப்பும் மாற வேண்டுமா, மாற்றினீர்களா என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். பழக்கத்தை உடைக்கும் பெரிய மாற்றங்களை நினைத்தபோதெல்லாம் விடுவதில்லை. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துவிடுகிறார்கள், எது எதுவாக மாறியது என்று பட்டியலும் தருகிறார்கள். 'இன்ஃபோ.ஜேசன்' என்ற கோப்பின் இடத்துக்கு 2024-இல் 'கீபோர்டு.ஜேசன்' வந்ததுகூட அப்படிப் பட்டியலோடுதான் வந்தது. வருடத்துக்கு நான்கு நாள், அவ்வளவுதான். அந்த நான்கு நாளில் உங்கள் தமிழ்க் குறிப்பைத் திறந்து, பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க முடியாதா?

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள் என்று அந்தத் தம்பி எனக்குக் காட்டினான். க்யூ.எம்.கே. குறிப்புகளை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர்கள், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இந்த மொழிபெயர்ப்பு மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து செய்யப்பட்டது என்று குறித்தார்கள். கூடவே, அன்றிலிருந்து இன்றுவரை மூலம் எங்கெங்கே மாறியிருக்கிறது என்று பார்ப்பதற்கான கட்டளையையும் அப்படியே எழுதிவைத்தார்கள். வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு வரி. அடுத்து வருகிற மொழிபெயர்ப்பாளர் அந்தக் கட்டளையை ஓட்டினால் போதும், தன் வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன். முகம் தெரியாத ஒருவர் நாளை வருவார், அவர் தடுமாறக் கூடாது என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு என் தொழில்தான் நினைவுக்கு வந்தது. திருத்தணிக்காரர்களுக்குப் பத்திரத்தின் அருமை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். 1960 ஏப்ரல் 1-க்கு முன்னால் இந்த ஊர் ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இன்னும் எத்தனையோ பேரும் போராடித் தமிழகத்தோடு சேர்த்த பிறகு செங்கல்பட்டு மாவட்டம். 1997-இலிருந்து திருவள்ளூர் மாவட்டம். ஒரே நிலம், இடம் அசையவே இல்லை. தாத்தா பத்திரத்தில் ஒரு மாவட்டம், அப்பா பத்திரத்தில் ஒரு மாவட்டம், பேரன் பத்திரத்தில் ஒரு மாவட்டம். சில மூலப் பத்திரங்கள் தெலுங்கில் இருக்கும், கிழவர் ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வோம். இத்தனை மாறியும் என் மேசையில் யாரும் குழம்பி நின்றதில்லை. காரணம் ஒன்றுதான். எல்லாப் பத்திரத்திலும் தேதி இருக்கிறது. அன்றைய தேதிக்கு அன்றைய மாவட்டம் சரி. தேதி இருக்கிற பழைய ஆவணம் யாரையும் ஏமாற்றாது. தேதி இல்லாத ஆவணம் புதிதாக இருந்தாலும் அதை எந்த அளவுக்கு நம்புவது என்று தெரியாது.

பத்திரத்தில் பிழை வந்தால் என்ன செய்கிறோம்? சர்வே எண் மாறிப்போனதோ, கிழக்கு எல்லை மேற்கு எல்லை ஆனதோ, பழையதைக் கிழித்துப் போடுவதில்லை, சத்தமில்லாமல் சுரண்டித் திருத்துவதும் இல்லை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று தனியே எழுதிப் பதிவு செய்கிறோம். இன்ன தேதியில் இன்ன எண்ணில் பதிவான பத்திரத்தில் இன்ன வரி இப்படி இருந்தது, அது இப்படித் திருத்தி வாசிக்கப்பட வேண்டும் என்று அதில் இருக்கும். நாளைக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவருக்கு இரண்டும் தெரியும். உங்கள் குறிப்பிலும் அதைத்தான் கேட்கிறேன். 'ரீசெட்' என்று இருந்த இடத்தை அழித்துப் புதுப்பெயரைப் போடுங்கள்; பக்கத்தில், 2022-க்கு முந்தைய பதிப்பில் இது 'ரீசெட்' என்று இருந்தது என்று ஒரு வரியும் போடுங்கள். பழைய பதிப்பை வைத்திருப்பவரும் பிழைப்பார், புதியவரும் பிழைப்பார்.

பெயர் மாற்றங்களை யாராவது ஒருவர் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். தமிழுக்கே உரிய சிக்கல்களை யார் எழுதுவது? மூலக் குறிப்பை எழுதும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் அதை எழுதப் போவதில்லை. எழுதச் சொல்லி அவர்களிடம் கேட்பதும் நியாயம் இல்லை.

தமிழ்99-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. பெரும்பாலும் இடக்கையில் உயிர், வலக்கையில் மெய்யெழுத்து வரிசை. உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, மெய் பதினெட்டு, ஆக ஷிஃப்ட் இல்லாமல் முப்பத்தொரு விசை வேண்டும். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு போதும். மிச்ச ஐந்தும் நிறுத்தக்குறி விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. 'ந' அரைப்புள்ளி விசையில், 'ய' மேற்கோள் விசையில், 'ழ' சாய்கோட்டு விசையில், 'ச'வும் 'ஞ'வும் சதுர அடைப்பு விசைகளில். நாற்பத்திரண்டு விசைக் கீபோர்டில் முதல் அடுக்கில் சதுர அடைப்புக்கு வழக்கமாக இடமே கிடையாது. ஆங்கிலக்காரருக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை, நிரல் எழுதும்போது மட்டும் இன்னோர் அடுக்குக்குப் போய் எடுத்துக்கொள்வார். நமக்குப் போவது 'ச'. சட்டம், சாட்சி, சொத்து, செலுத்து என்று பத்திரத்தில் அது வராத வரியே அபூர்வம். சின்னக் கீபோர்டுக்கு விசை அமைப்புச் செய்யும் ஒவ்வொரு தமிழரும் முதலில் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார். ஒருவர் பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு அனுப்புகிறார், ஒருவர் 'ச'வை அடுக்குக்கு அனுப்புகிறார். எது செய்தாலும் சரிதான். எதைச் செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதாமல் விடுவதுதான் தவறு.

அடுத்தது புள்ளி. தமிழ்99-இல் 'க'வை இருமுறை அடித்தால் 'க்க' தானே வரும், 'ங'வுக்குப் பின் 'க' அடித்தால் 'ங்க' தானே வரும். இதைச் செய்வது கீபோர்டு இல்லை, கணினியில் இருக்கும் உள்ளீட்டு மென்பொருள். கீபோர்டு அனுப்புவது வெறும் விசை எண். எழுத்து எது என்று அதற்குத் தெரியாது. இந்த ஒரு உண்மையை முதல் பத்தியில் தெளிவாக எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு எத்தனையோ மணிநேரம் மிஞ்சியிருக்கும். ஆனால் சில குறிப்புகள், ஃபர்ம்வேரிலிருந்தே யூனிகோடு எழுத்தை நேராக அனுப்பலாம், எந்தக் கணினியிலும் வேலை செய்யும் என்று சொல்கின்றன. அனுப்பலாம் என்பது சரி. எந்தக் கணினியிலும் என்பது சரியில்லை. லினக்ஸில் அது கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தி எண்ணைத் தட்டுவதுபோல் நடித்துத்தான் எழுத்தைக் கொண்டுவருகிறது, அதை ஏற்காத செயலியில் எண்தான் வந்து விழும். விண்டோஸில் வின்கம்போஸ் போன்ற மென்பொருள் ஒன்றை நிறுவ வேண்டும், அல்லது ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். அதோடு 'க்' என்பது யூனிகோடில் ஓர் எழுத்து இல்லை. 'க' ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டு. ஒரு விசைக்கு ஒரு குறியீடு என்ற எளிய வழியில் அது அடங்காது. தானாகப் புள்ளி விழும் வசதியும் போய்விடும். நீங்கள் உங்கள் ஒரு மடிக்கணினியில் சோதித்தீர்கள் என்றால், அந்த ஒரு மடிக்கணினியில் சோதித்தேன் என்றே எழுதுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. படிக்கிறவர் தன் கணினி வேறு என்று தெரிந்து எச்சரிக்கையாக இருப்பார்.

தட்டச்சுப்பொறியில் பழகி வருகிறவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பொறியில் புள்ளி நகரா விசை. முதலில் புள்ளியை அடிப்போம், வண்டி நகராது, பிறகு எழுத்தை அடித்தால் புள்ளி அதன் தலையில் நிற்கும். கணினியில் பல அமைப்புகளில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. உங்கள் அமைப்பில் எது முதலில் என்று சொல்லாவிட்டால், முப்பது வருடம் வேகமாக அடித்தவர்கூட முதல் சொல்லிலேயே இடறுவார். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வெழுதி வருடாவருடம் எத்தனை பிள்ளைகள் பொறியிலிருந்து கணினிக்கு வருகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கீபோர்டு ஒருநாள் அவர்கள் கைக்கும் போகும்.

ம.பொ.சி.யைச் சொன்னேன். அவர் இளமையில் அச்சகத்தில் அச்சுக் கோத்தவர். அந்தத் தொழில் தெரிந்த பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். கோப்பதைவிட, அச்சானபின் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போடுவதில்தான் ஒருவரின் ஒழுங்கு தெரியும். 'ன' அறையில் ஒரு 'ண'வைப் போட்டுவிட்டுப் போனால் போட்டவனுக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் வந்து கண்ணால் பார்க்காமல் கையை விட்டு எடுத்துக் கோக்கிறவன்தான் பிழை செய்து திட்டு வாங்குவான். நிரலை மாற்றிவிட்டுக் குறிப்பை அப்படியே விட்டுப் போகும்போது, நீங்கள் அறை மாற்றிப் போட்டுவிட்டுப் போகிறீர்கள்.

இனி, நான் கேட்டுக்கொள்வது.

நீங்கள் எழுதிய குறிப்பு எதுவானாலும் அதன் தலையில் மூன்று விவரம் போடுங்கள். எந்தப் பதிப்பு, எந்தக் கணினியிலும் இயங்குதளத்திலும் சோதித்தது, எந்தத் தேதியில் சோதித்தது. விசை அமைப்பை மாற்றும் அன்றே படத்தையும் மாற்றுங்கள். படம் வரைய நேரமில்லாவிட்டால் படத்தை எடுத்துவிட்டு எழுத்தால் ஓர் அட்டவணை போடுங்கள், அட்டவணையைத் திருத்துவது எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேலை, குடும்பம், வெளியூர் என்று காரணம் வந்து இனி கவனிக்க முடியாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தத் தேதிக்குப் பின் இதை நான் பார்க்கவில்லை, யாரேனும் எடுத்து நடத்தலாம் என்று தலையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். நிரல் தெரியாதவர் பிழை சொல்ல ஒரு வழி வையுங்கள். தமிழில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும் என்று இருக்கட்டும். பெற்றுக்கொண்டவர் அதைக் கிட்டில் ஏற்றிக்கொள்ளட்டும்.

புதிதாக எழுதும்போது, எழுதி முடித்ததும் உங்களைப் போலவே கைதேர்ந்த நண்பரிடம் கொடுத்துச் சரிபார்க்காதீர்கள். அவர் விட்டுப்போன படியைத் தானாகவே தாண்டிவிடுவார், அது விட்டுப்போனதே அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் டிசம்பர் 31-ஆம் தேதி படித்திருவிழா நடக்கும். மலைக்குப் போகும் 365 படியிலும் ஒவ்வொன்றாக நின்று, கற்பூரம் காட்டி, திருப்புகழ் பாடித்தான் மேலே ஏறுவார்கள். ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டார்கள். குறிப்பைச் சோதிக்க அப்படி ஏறுகிறவர்கள் வேண்டும். ஒன்றும் தெரியாதவர்கள், சொன்னதை மட்டும் செய்கிறவர்கள், சொல்லாததைச் செய்யாதவர்கள்.

அப்படிப்பட்டவர்கள் என் பயிலகத்தில் இருக்கிறார்கள். பொன்பாடியிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பேருந்தில் வரும் பிள்ளைகள், நகரியிலிருந்து வந்து தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் பிள்ளைகள். உங்கள் குறிப்பை வெளியிடுமுன் எங்களுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வரியாகப் படித்து, சொன்னபடி செய்து, எந்த வரியில் நின்றோம் என்று எழுதி அனுப்புகிறோம். காசு வேண்டாம். இதுவும் எங்களுக்குப் பயிற்சிதான்.

அந்தப் பெண் இப்போது புதுக் கீபோர்டில்தான் அடிக்கிறார், மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. அவசரத்தில் மட்டும் 'ச'வுக்கு விரல் பழைய படத்தின் இடத்துக்கே போய், ஓர் எழுத்து அழிந்துவிடுகிறது. அந்த நாற்பத்திரண்டு விசைக்கும் சரியான படத்தை அக்காளும் தம்பியும் நானும் சேர்ந்து கையால் வரைந்து, ஒவ்வொரு விசையையும் மூன்றுமுறை அடித்துப் பார்த்து வைத்திருக்கிறோம். கீழே ஃபர்ம்வேர் பதிப்பும் சோதித்த தேதியும் எழுதியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஆறு மணிக்குப் பயிலகம் திறந்திருக்கும்.